பேத்தை மீன் ஒட்டிய சர்வர்

எங்கள் கல்லூரியில் என் பதவியின் பெயர் சிஸ்டம் அட்மின். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, புரொஜெக்டருக்கு ஒயர் மாட்டுவது, ஆண்டு விழாவில் மைக் கூவினால் ஓடிப்போய் மேடையோரம் நிற்பது எல்லாம் இந்தப் பதவிக்குள் அடக்கம். ஒருமுறை வணிகவியல் துறையில் மின்விசிறி நின்றுபோனதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதுவும் கரண்டில்தானே ஓடுகிறது என்று துறைத் தலைவர் விளக்கம் வேறு சொன்னார். நானும் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன்.

கல்லூரி, புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தாளாளர் இதையெல்லாம் படிக்கமாட்டார். ஆனால் படித்துக் காட்டுவதற்கு அவரிடம் ஆள் உண்டு. நான் திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து காரைக்குடி பஸ் பிடித்துப் போவேன். அந்தப் பயணத்தில் எனக்கு இரண்டே வேலை. ஒன்று, உட்கார இடம் தேடுவது. இன்னொன்று, விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பற்றி மனதுக்குள் இளக்காரமாக நினைத்துக்கொள்வது.

இளக்காரத்துக்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் வைரஸ். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த ஒரு பென் டிரைவ் போதும், மறுநாள் கல்லூரி முழுக்கக் கோப்புகள் காணாமல் போய்விடும். நான் தாளாளரிடம் போனேன். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது, யூனிக்ஸ் வழிவந்தது, உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதியது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மேசைக் கணினிகளுக்கு லினக்ஸ் போடலாம், சர்வருக்குப் பாதுகாப்பையே உயிராக நினைக்கிற பி.எஸ்.டி. என்கிற இயங்குதளம் போடலாம் என்று ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு லைசென்ஸ் எதுவும் வாங்கணுமாம்மா?"

"வேண்டாம் சார்."

"அப்பப் போடுங்க."

சுதந்திரத்தைப் பற்றி நான் தயாரித்திருந்த மீதிப் பேச்சு அப்படியே என்னிடம் இருக்கிறது.

மேசைக் கணினிகளில் லினக்ஸ் வந்ததும் ஊழியர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல என் அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு மாதம் தினமும் ஒரே கேள்வி கேட்டார்: "மை கம்ப்யூட்டர் எங்கிட்டும்மா போச்சு?" அது வேறு பெயரில் அங்கேதான் இருக்கிறது என்று ஒரு மாதம் தினமும் சொன்னேன். கடைசியில் அவருடைய பழைய பச்சை மலை, நீல வானப் படத்தைத் தேடிப் பிடித்துத் திரையில் ஒட்டிக் கொடுத்தேன். "இப்பத்தான் பழையபடி ஓடுது" என்று மனம் குளிர்ந்து போனார். உள்ளே ஓடுவது வேறு என்று அவருக்குச் சொல்கிற கொடுமையை நான் செய்யவில்லை.

என் பெருமை முழுக்க சர்வரில்தான் இருந்தது. பெண்கள் ஓய்வறைக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஏசி போட்டு, அதைக் குடியேற்றினேன். கல்லூரிக்குள் வருகிற இணையம், வெளியே போகிற இணையம், கேமராப் படங்கள் எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த இயங்குதளத்தின் சின்னம் முள் முள்ளாக ஊதிக்கொண்டு நிற்கிற ஒரு மீன். அதை வண்ணத்தில் அச்சடித்துப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினேன்.

அந்த மீனை முதலில் அடையாளம் கண்டது, அந்த அறையைப் பெருக்குகிற அக்காதான். அக்கா கல்லூரியில் உதவியாளர். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, திருமயத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இல்லை. மகள் எங்கள் கல்லூரியிலேயே கணிதம் இரண்டாம் ஆண்டு படித்தாள். ஊழியரின் பிள்ளை என்பதால் கட்டணம் கிடையாது. அம்மாவுக்கு வேலை இருக்கிறவரை மகளுக்குப் படிப்பு என்பது ஏற்பாடு.

"இது பேத்தை மீனுல்ல மேடம்? வலையில வந்தா எங்க ஊருல தூக்கிக் கடாசிருவாங்க. தின்னா ஆளு காலி. இதப் போயி ஒட்டி வச்சிருக்கீங்க."

"அதுக்குத்தான் அக்கா ஒட்டியிருக்கேன். யாரும் தொடக் கூடாதுல்ல."

அக்கா யோசித்துவிட்டு, "அப்பச் சரி" என்றார். அந்த இயங்குதளத்தின் பாதுகாப்புக் கொள்கையை ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டவர் எங்கள் கல்லூரியில் அவர் ஒருவர்தான். அறையின் இன்னொரு சாவியை அவரிடம் கொடுத்தேன். முதல்வர் கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை.

பெட்டி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அது நிற்காமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு கிறுக்கு. அறைக்கதவில் ஒரு சிலேட்டை மாட்டி, தினமும் காலையில் சாக்பீஸால் எண்ணை மாற்றி எழுதுவேன். ஒரு வருஷம் தாண்டியது, இரண்டு வருஷம் தாண்டியது. கரண்டு போனால் யூ.பி.எஸ்., அது தீர்ந்தால் ஜெனரேட்டர். ஆய்வுக் குழு வந்தபோது அந்தச் சிலேட்டைத்தான் முதலில் காட்டினேன். ஒருவர் அதைக் கல்லூரி தொடங்கி எத்தனை நாள் என்று எழுதியிருப்பதாக நினைத்துப் பாராட்டினார். பாராட்டு எந்த வழியில் வந்தாலும் வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

இதற்கு நடுவில் அந்த இயங்குதளத்தை எழுதுகிறவர்கள், பாவம், ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைத்துத் திருத்தங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவற்றில் முக்கியமான சிலவற்றைப் போட்டால் பெட்டியை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். தொடங்கினால் சிலேட்டில் மறுபடி ஒன்று என்று எழுத வேண்டும். ஆகவே நான் போடவில்லை. உலகத்திலேயே பாதுகாப்பான இயங்குதளம் என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னதை, இரண்டு வருஷமாகத் திருத்தமே போடாமல் திறந்த வீடாக வைத்திருந்தேன். கண்காணிப்பாளரின் பச்சை மலையைப் பார்த்துச் சிரித்த ஆள் நான்தான்.

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், வழக்கம்போலக் கல்லூரியில் ஆயுத பூஜை வைத்தார்கள். கல்லூரி பஸ்களுக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்குச் சந்தனம், கணினிகளுக்குத் திரையிலேயே குங்குமம். பூஜை முடிந்தால் ஆயுதங்களுக்கு ஓய்வு; விடுமுறை முடிந்து வருகிறவரை எதையும் தொடக் கூடாது. அதோடு முதல்வரின் சுற்றறிக்கையும் வந்திருந்தது: நான்கு நாள் விடுமுறை, எல்லா அறைகளிலும் எல்லா மின்சாதனங்களையும் நிறுத்திவிட்டுப் பூட்ட வேண்டும். சுற்றறிக்கையைக் கணினியில் அடித்துக் கொடுத்ததே நான். சர்வர் தவிர என்று இரண்டு வார்த்தை சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. என் பெட்டியை ஒரு சுற்றறிக்கை கட்டுப்படுத்தும் என்று நான் நினைத்ததே இல்லை.

மத்தியானமே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு கையில் பொரிகடலைப் பொட்டலம், தோளில் பை, இன்னொரு கையில் கம்பி. போன் அடித்தது. அக்கா.

"மேடம், எல்லா ரூமுலயும் நிறுத்திட்டேன். இங்கிட்டு ஒங்க மீனுப் பெட்டி மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. பூ வச்சுப் பொட்டும் வச்சுட்டேன். இதையும் நிறுத்திறவா?"

கண்டக்டர் டிக்கெட் என்று முகத்துக்கு நேரே நின்றார். பொரி சரிந்தது.

"எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பூட்டிட்டுக் கெளம்புங்கக்கா" என்றேன்.

அவர் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்று பிற்பாடு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். விழுந்தது. மீனுப் பெட்டி என்கிற வார்த்தை உட்பட விழுந்தது. பதில் சொல்லும்போது என் புத்தி டிக்கெட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை போனேன். சிலேட்டை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார் அக்கா. உள்ளே பெட்டி சாமந்தி மாலையோடு அமைதியாக இருந்தது. சுவிட்சைப் போட்டேன். அது கோபம் எதுவும் காட்டவில்லை. திடீரென்று கரண்டு போயிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தானே சோதித்து, சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்து எழுந்து உட்கார்ந்தது. ஆனால் கல்லூரிக்கு இணையம் வரவில்லை. எந்தக் கணினியும் வெளியே போகவில்லை.

அன்றைக்குத் தேர்வு விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றக் கடைசி நாள். நான் வேர்த்து விறுவிறுத்து அலுவலகத்துக்கு ஓடினேன். கண்காணிப்பாளர் தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாதிக்கு மேல் ஏற்றி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீ மெதுவா பாரும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மூன்று அடுக்குப் பாதுகாப்போடு நான் கட்டிய கோட்டை இல்லாமலே கல்லூரி ஓடும் என்பதை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். தாளாளர். அவர் தினமும் புதுக்கோட்டை வீட்டில் உட்கார்ந்து செல்போனில் கல்லூரிக் கேமராக்களைப் பார்ப்பார். யார் எத்தனை மணிக்கு வகுப்புக்குப் போகிறார்கள், யார் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குக் காலைச் செய்தித்தாள் மாதிரி. அந்தப் படம் என் பெட்டி வழியாகத்தான் போகும். நான்கு நாளாக அவருக்கு எதுவும் தெரியவில்லை. விடுமுறைதானே என்று பொறுத்திருந்தார். ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"பூஜை அன்னைக்கு யாரோ கரண்டை நேரா நிறுத்திட்டாங்க சார். முறையா நிறுத்தாததால கெட்டுப்போச்சு."

யாரோ. எவ்வளவு வசதியான வார்த்தை.

பதினொரு மணிக்கு அவரே வந்துவிட்டார். சர்வர் அறைக்குள்ளும் ஒரு கேமரா வேண்டும், பாதுகாப்பு முக்கியம் என்று அடம் பிடித்து வாங்கி மாட்டியதும் நான்தான். படம் பதிவாகிற கருவி தனி. அது தனி இணைப்பில், பூட்டிய அலமாரிக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல்வர் அறைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம். தாளாளர், முதல்வர், நான். வாசலோரம் அக்கா.

திரையில் அக்கா தட்டோடு வருகிறார். பெட்டியைத் துணியால் துடைக்கிறார். மீன் படத்துக்குச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைக்கிறார். மாலை போடுகிறார். கண்ணை மூடிக் கும்பிடுகிறார். அப்புறம் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துக் காதில் வைக்கிறார். பேசுகிறார், தலையாட்டுகிறார். போனைச் செருகிக்கொண்டு யூ.பி.எஸ்.ஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் சுவரில் இருந்த சுவிட்சை அணைக்கிறார். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார். கேமராவுக்குக் குரல் பதிவு கிடையாது.

"ஏம்மா நிறுத்துனீங்க?" என்றார் தாளாளர்.

"எல்லாத்தையும் நிறுத்தணும்னு சொன்னாங்க சார்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. பஸ்ஸில் பக்கத்தில் இடம் போட்டு வைத்துவிட்டு, ஆள் வருகிறாரா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

நான் தொலைக்காட்சியின் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் பதில் வைத்திருக்கிற என் வாய்க்கு அன்றைக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. பயம்தான், வேறு என்ன. சிலேட்டு, ஆய்வுக் குழு, பேச்சு எல்லாம் போய்விடும் என்கிற பயம்.

"சர்க்குலர்னா சர்வரையுமா நிறுத்துவாங்க, அறிவு வேணாம்?" என்றார் தாளாளர். முடிவு தெரிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். அக்கா வாசலில்தான் நின்றிருந்தார். இருந்தாலும் முதல்வர் ஒருமுறை எடுத்துச் சொன்னார். அக்கா சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, பெருக்குமாற்றை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். எந்தக் கணினி எங்கே போகலாம், எந்தக் கேமரா யாருக்குத் தெரியலாம் என்று இந்தப் பெட்டிக்கு விதிகள் கொடுக்க வேண்டும். விதிகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். பெட்டி ஒவ்வொரு தடவை எழும்போதும் அதைப் படித்துக்கொள்ளும். அல்லது அந்த நேரத்துக்கு விசைப்பலகையில் நேராகத் தட்டிவிடலாம். கரண்டு இருக்கிறவரை ஞாபகம் வைத்திருக்கும். கோப்பைத் திறந்தேன். கடைசியாக அதில் எழுதப்பட்ட தேதி, நான் பெட்டியை நிறுவிய வாரம்; இருந்தது எல்லாவற்றையும் அடைக்கிற ஒரே விதி. அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் நான் கொடுத்த விதிகள் எல்லாமே நேராகத் தட்டியவை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவை. ஸேவ் பண்ணாமல் எழுந்து போகிற கண்காணிப்பாளரைப் படிச்சவங்கதானே நீங்க என்று நான் கேட்டிருக்கிறேன்.

அக்கா சுவிட்சை அணைத்ததால் எதுவும் கெடவில்லை. முறையாக நிறுத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒரு நாள் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்திருந்தாலும் இதேதான். கெட்டது இரண்டு வருஷத்துக்கு முன்பே கெட்டுவிட்டது. ஓடிக்கொண்டே இருந்ததால் தெரியவில்லை.

விதிகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுத மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அக்காவின் மகளை வராந்தாவில் பார்த்தேன். நூலகத்தில் எடுத்த புத்தகங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அம்மா குடுத்துறச் சொல்லுச்சு மேடம். கேக்குறதுக்கு முந்தியே குடுத்துறணுமாம்" என்றாள். என் அறைக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

உடனே எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம் முழுக்க. நினைவகம், நிலைத்த சேமிப்பு, விதித்தொகுப்பு, திருத்த மேலாண்மை என்று எல்லாவற்றுக்கும் உரிய தொழில்நுட்பச் சொற்களைப் போட்டு எழுதினேன். உண்மை அதற்குள் இருந்தது. தேடினால் கிடைக்கும்படி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை தாளாளர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, அந்தம்மா நிறுத்துனதாலதான் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதானே? அப்ப மாசக் கடைசியோட முடிச்சுக்கச் சொல்லிருவோம்."

கடிதத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"இல்ல சார். நிறுத்தச் சொன்னது நான். போன்ல கேட்டாங்க, நிறுத்துங்கன்னு சொன்னேன். கேமராவுல போன் பேசுனாங்கல்ல, எங்கிட்டத்தான். அவங்க நிறுத்துனதால கெடவும் இல்ல. எழுதி வைக்க வேண்டியதை நான் ரெண்டு வருஷமா எழுதி வைக்கல. அதனாலதான் போச்சு."

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசியதில் அவருக்கு முழுசாகப் புரிந்தது இதுவாகத்தான் இருக்கும். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் வேலை போனது என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு மனது லேசாக இருந்தது.

"இப்ப கேமரா தெரியுதுல்ல?"

"தெரியுது சார்."

"அப்ப விடுங்க. ஒங்கள அனுப்பிட்டா அந்தப் பெட்டிய யாரு பாப்பா, இங்கிட்டு வேற யாருக்கும் தெரியாதே. அந்தம்மாவைத் திங்கக்கெழம வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான் விசாரணை. சுவிட்சை அணைத்தவருக்கு ஒரு வாரம் வீடு. கோட்டை விட்டவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. அந்த இயங்குதளம் மிகப் பாதுகாப்பானது என்று நான் சொன்னது முழுப் பொய்யில்லை. என் வேலைக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறு கிடையாது.

திங்கட்கிழமை அக்கா வந்தார். எப்போதும்போல வராந்தாவைப் பெருக்கி முடித்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். தாளாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், தப்பு முழுக்க என்னுடையது என்றும், மன்னித்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். நேராகத்தான் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. அக்கா தலையாட்டினார்.

"தெரியும் மேடம். பிரின்ஸிபால் சார் சொன்னாங்க. நல்லது."

பெருக்குமாற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு டி.வி.யில படம் ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல. நான் போன் பேசுறது வருது. இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். படம் முடிஞ்சுபோச்சு."

இடுப்பு முடிச்சிலிருந்து சர்வர் அறைச் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையைப் பெருக்கப் போனார்.